பதினாலாம் கேள்வி

பாடாங் செராயில்
பால்கொட்டகை இருந்த மேட்டில்தான்
இப்போது கரண்டுக் காடிக்கு வயர் கட்டுகிறார்கள்.
ஆரஞ்சு வயர்.
தொட்டால் ஆள் போய்விடும்
என்பதற்காக அந்த நிறமாம்.

எனக்கு ஒருநாள் வேலை.
நூற்றெண்பது வெள்ளி, மத்தியானச் சாப்பாடு,
கழுத்தில் ஓர் அட்டை: மொழிபெயர்ப்பாளர்.
காடி செய்கிற கம்பெனி ஏதோ குளிர்நாட்டில் இருக்கிறது.
அவர்களுக்கு விற்பவனுக்கு விற்பவனுக்கு
வயர் விற்பது இந்த ஆலை.
கட்டுகிறவர்கள் நலமா என்று கேட்டுவர
பினாங்கிலிருந்து மிஸ் ஊய் வந்திருந்தார்.
நல்ல மனுஷி.
நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதல் ஆள் சேதுராசு, பரமக்குடிப் பக்கம்.
விரல் நுனியெல்லாம் மெஷின் கடித்த கறுப்பு.
"பசியாறியாச்சா?" என்றேன்.
விழித்தார்.
"டிபன் ஆச்சா?" என்று திருத்தினேன்.
அவர் தமிழும் என் தமிழும்
ஒருமுறை முட்டிக்கொண்டு
வழிவிட்டுக்கொண்டன.

ரூமில் எத்தனை பேர்,
தீப்பிடித்தால் எந்தக் கதவு,
ஓவர்டைம் விருப்பப்பட்டுத்தானா.
பதிமூன்றுவரை தண்ணீர் மாதிரிப் போனது.
வாய்ப்பாடு ஒப்பிக்கும் ராகம்
எனக்குத் தெரியாதா.

பதினாலு:
உங்கள் பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா?

சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.
திறந்து தன் படத்தைப் பார்த்தார்,
கல்யாணவீட்டில்
தூரத்துச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல.
"இன்னிக்கு இருக்குங்க."

இருக்கிறதாம், என்றேன்.

ஒரு சொல்தான்.
பல்லிடுக்கில் பாக்குத்தூள் போல நின்றுகொண்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெச்.ஆர். குணபாலன்.
என் தம்பிக்கு ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தவர்.
மிஸ் ஊய் டிக் போட்டார்.
நல்ல பேனா, சத்தமே இல்லை.

சாப்பாட்டு நேரம்.
கை கழுவப் போகும் வழியில்
ஜாகாவின் மேசையில் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது.
காலை ஏழு, பெற்றுக்கொண்டேன்: கையெழுத்து.
மாலை ஆறு, ஒப்படைத்தேன்:
அதிலும் கையெழுத்து.
அப்போது மணி ஒன்றுகூட ஆகவில்லை.

அம்மா சாகும்வரை சிவப்பு ஐ.சி.தான் வைத்திருந்தாள்.
இந்த மண்ணில் பிறந்தவள்.
ஒவ்வொரு கவுண்டரிலும்
ஏதோ ஒரு காகிதம் இல்லை என்றார்கள்.
அதை ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.
கோழியில் உறைப்பு அதிகம்,
கண்ணில் தண்ணீர் வந்தது,
அவ்வளவுதான்.

அடுத்தவர் மரியசூசை.
இருபத்து மூன்று வயது இருக்கும்.
பாஸ்போர்ட்டைக் கேட்கும் முன்பே நீட்டினார்.
பதினாலு வந்தது.
"இருக்கு மேடம்" என்றார்,
சொல்லிக் கொடுத்தபடி,
ஒரு சொல் கூட்டாமல்.

நான் சொன்னேன்:
இன்றைக்கு இருக்கிறதாம்.

பேனா நின்றது.
"இன்றைக்கா?" என்றார் மிஸ் ஊய்.
இன்றைக்கு, என்றேன் மறுபடியும்.
மரியசூசை எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.
ஆங்கிலம் தெரியாத சிரிப்பு.

ஒருவரிடம் திருடியதை
இன்னொருவர் பையில் போட்டுவிட்டு
வெளியே வந்தேன்.
நூற்றெண்பது வெள்ளியை
எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் ஹாஸ்டலில் பெட்டி வைத்தார்களாம்,
ஆளுக்கு ஒன்று, பூட்டும் சாவியும்.
ரிப்போர்ட்டில் வந்ததால்தானாம்.
பேருந்து நிறுத்தத்தில் பார்த்தபோது
சேதுராசு சாவியைக் காட்டினார்.
அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தார்.

மரியசூசை எங்கே என்று கேட்டேன்.

அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள் என்றார்.
யார் என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று
இரண்டு ராத்திரி கேட்டார்களாம்.
நான் ஒண்ணும் சொல்லலை, ஒண்ணும் சொல்லலை
என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.
ஏஜென்டுக்குக் கட்டிய ஒன்றரை லட்சத்தில்
பாதி இன்னும் வட்டியோடு ஊரில் நிற்கிறது.

பஸ் வந்தது.
ஏறும்போது திரும்பிச் சொன்னார்:
பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துத்தாங்க அனுப்பினாங்க.